அரைக்கிணறு தாண்டிய பிறகு: பாதியில் நின்ற மராத்தான், அடுத்து எது?

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை கடையைத் திறந்து சாமி படத்துக்கு விளக்கேற்றிக்கொண்டிருந்தேன். பாளையங்கோட்டையில் எனக்கு மருந்துக்கடை. எங்கள் ஞாயிற்றுக்கிழமை ஓட்டக் கூட்டத்தில் இரண்டு வருடமாக ஓடும் தம்பி ஒருவர் படியேறி வந்தார். இடது காலைக் கொஞ்சம் இழுத்தாற்போல் வைத்தார். கிரேப் பேண்டேஜ் ஒன்றும் வலிக்கு அடிக்கிற ஸ்பிரே ஒன்றும் கேட்டார். சட்டைப் பையிலிருந்து காசை எடுத்தபோது நான்காக மடித்த பிப் அட்டையும் (பந்தய எண் அச்சிட்டு மார்பில் குத்திக்கொள்ளும் அட்டை) கூடவே வந்தது. நான்கு மூலையிலும் ஊக்கு அப்படியே இருந்தது.

"எத்தனையாவது கிலோமீட்டரில் நின்றீர்கள்?" என்றேன்.

"முப்பத்தொன்று, அண்ணாச்சி."

அதற்கு மேல் அதைப் பற்றி அவர் பேசவில்லை. கைப்பேசியை நீட்டினார். அடுத்த மாதம் வேறொரு ஊரில் நடக்கும் மராத்தானுக்கான, அதாவது இன்னொரு 42 கிலோமீட்டர் ஓட்டத்துக்கான பதிவு. பெயர், வயது, சட்டை அளவு எல்லாம் நிரப்பியாகிவிட்டது. பணம் கட்டுவதுதான் பாக்கி. "கட்டிவிடவா?"

இந்தக் கேள்வியோடு இந்தப் பருவத்தில் என் கடைக்கு வந்த மூன்றாவது ஆள் அவர். கட்ட வேண்டாம், இரண்டு வாரம் கழித்து வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன். மூன்று பேருக்கும் ஒரே பதில் கிடையாது என்பதால், சொல்ல வேண்டியதை முழுதாக எழுதிவிடுகிறேன். 2024-ல் இதே இடத்தில் நானும் நின்றிருந்தேன். கீழே வரும் ஐந்து வழிகளில் மூன்றை நானே நடந்து பார்த்தாயிற்று. முதலில் எடுத்தது தவறான வழி.

## எதை வைத்து எடை போடுவது?

நின்ற காரணம். மற்ற எல்லாவற்றையும்விட இது முக்கியம். முதல் வாரத்தில் யாரைக் கேட்டாலும் "மனசு விட்டுவிட்டது" என்பார்கள். அதை நம்பாதீர்கள். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். ஓடும் உடம்பு ஒரு கிலோமீட்டருக்கு, எடையில் ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு கலோரி செலவழிக்கும். 65 கிலோ ஆள் என்றால் கிலோமீட்டருக்கு 65 கலோரி. தசையிலும் கல்லீரலிலும் சேர்த்துவைத்திருக்கும் சர்க்கரையோ சுமார் 2,000 கலோரிதான். வகுத்தால் 31 வரும். கொழுப்பும் பங்கு கொடுக்கும், வழியில் விழுங்கும் ஜெல்லும் (சர்க்கரைக் கூழ்) கொடுக்கும். ஆனால் தன் பயிற்சிக்கு மீறிய வேகத்தில் போகிறவருக்குச் சர்க்கரை முன்னதாகவே தீர்ந்துவிடும். முப்பதைத் தாண்டியதும் கால் இரும்பாகிக் கண் இருட்டி, உலகமே வேண்டாம் என்று தோன்றுவது பெரும்பாலும் இதனால்தான். பானையில் அரிசி இல்லை என்பதற்காக அடுப்பைத் திட்டி என்ன பயன்?

ஆகவே காரணத்தை இப்படிப் பிரித்துப் பாருங்கள். உடம்பில் காயமா? பயிற்சி போதவில்லையா? பயிற்சி நன்றாக இருந்தும் அன்றைக்கு மட்டும் வெயில், வயிறு, காய்ச்சல் என்று ஏதாவது கெடுத்ததா? தொடக்கத்தில் வேகம் மிஞ்சிவிட்டதா? பந்தயத்துக்குக் குறித்த கட்-ஆஃப் நேரம் தாண்டி, பின்தங்கியவர்களை அள்ளிவரும் ஸ்வீப் வண்டியில் ஏற்றிவிட்டார்களா? இவையெல்லாம் இல்லை என்று ஆன பிறகுதான் மனசிடம் வர வேண்டும்.

எவ்வளவு தூரம் ஓடிய பிறகு நின்றீர்கள். 12-வது கிலோமீட்டரில் நின்றவரும் 33-ல் நின்றவரும் முடிவுப் பட்டியலில் ஒன்றுதான். இருவர் பெயருக்கு நேரேயும் டி.என்.எஃப். (Did Not Finish, ஓட்டத்தை முடிக்கவில்லை) என்ற அதே மூன்றெழுத்து. உடம்புக்கு இரண்டும் வேறு. 33 ஓடிய தசை முழு மராத்தான் ஓடிய தசைக்கு அதிகம் குறையாமல் அடிபட்டிருக்கும். பதக்கம் கிடைக்கவில்லையே என்பதால் அதற்குரிய ஓய்வைக் கொடுக்காமல் விடுவதுதான் இதில் நடக்கும் பெரிய அநியாயம்.

மருந்துக்கடைக்காரனாக இங்கே ஒரு வார்த்தை. நிற்கும்போது நெஞ்சுவலி, மயக்கம், குழப்பமான பேச்சு இருந்திருந்தாலோ, பிறகு சிறுநீர் கறுத்த டிகாக்‌ஷன் நிறத்தில் போனாலோ, அடுத்த பந்தயம் எது என்ற பேச்சுக்கே இடமில்லை. உடனே மருத்துவரிடம் போங்கள். எலும்பின் மேல் ஒரே இடத்தில், விரல் நுனியால் தொட்டுக் காட்டும்படி வலித்தால் அதையும் காட்டியே ஆக வேண்டும். எலும்பில் மெல்லிய விரிசலாக இருக்கலாம். ஓடும் முன்பும் ஓட்டத்தின் நடுவிலும் வலி மாத்திரை விழுங்கும் பழக்கம் நம் கூட்டத்திலேயே சிலருக்கு இருக்கிறது. உடம்பில் நீர் வற்றியிருக்கும் நேரத்தில் அந்த மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். விற்கிறவன் சொல்கிறேன்.

நம் ஊர்ப் பருவம். மராத்தானுக்குப் பயிற்சி என்றால் 16 வாரமாவது வேண்டும். ஜனவரிப் பந்தயத்துக்கு செப்டம்பரில் தொடங்க வேண்டும். அப்படித் தொடங்கினால் நீண்ட ஓட்டங்கள் எல்லாம் ஐப்பசி, கார்த்திகை மழையில் போய் விழும். ஏப்ரல், மே மாதங்களில் காலை ஆறு மணிக்கே வேர்வை காதோரம் வழியும். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று பேட்டைப் பக்கம் ஓடும்போது நெஞ்சில் கைவைத்துத் தள்ளும். திரும்பும்போது அதே காற்று முதுகைத் தள்ளிவிடும் என்பது ஒரு சின்ன ஆறுதல். சென்னை, பெங்களூருக்காரர்கள் போட்டுத் தரும் பயிற்சி அட்டவணையில் இது எதுவும் இருக்காது.

பணம். 2024-ல் பாதியில் நின்ற அந்த ஒரு பந்தயத்துக்கு நான் செலவழித்தது: பதிவு 1,800, போக வர ரயில் 2,200, இரண்டு இரவு லாட்ஜ் 3,200, ஆட்டோவும் சாப்பாடும் 1,500, ஜெல் 600. மொத்தம் 9,300 ரூபாய். பெரிய ஊர்ப் பந்தயம் எதுவானாலும் நெல்லைக்காரருக்கு இந்தக் கணக்கு உண்டு. பதிவு பல மாதம் முன்பே தொடங்கிவிடும். ரயில் முன்பதிவோ 2024 நவம்பரிலிருந்து 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. பொங்கலை ஒட்டிய ஞாயிறு என்றால் திரும்பி வரும் டிக்கெட் என்ன பாடுபடும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

வீடும் ஊரும். "முடித்துவிட்டாயா?" என்று பத்துப் பேராவது கேட்பார்கள். என் அம்மா கேட்டது: "அரைக்கிணறு தாண்டிவிட்டா வந்திருக்கிறாய்?" கேலிதான். ஆனாலும் தைத்தது. இதே அம்மா, திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போய்க் கால் கொப்புளித்து ஆழ்வார்திருநகரியில் பஸ் ஏறிய பக்கத்து வீட்டுக்காரரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. "தரிசனம் நன்றாகக் கிடைத்ததா?" என்றுதான் விசாரித்தார். நமக்குப் போய்ச் சேர முருகன் இல்லை, முடிவுக் கோடுதான் இருக்கிறது. அதனால் வந்த வினை.

## வழி ஒன்று: நான்கிலிருந்து ஆறு வாரத்துக்குள் இன்னொரு மராத்தான்

என் கதையை இங்கேதான் சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு 32 கிலோமீட்டர் ஓட வேண்டும் என்று நாட்காட்டியில் வட்டம் போட்டு வைத்திருந்தேன். அன்றும் மறுநாளும் கொட்டிய மழையைத் தென்மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டரை ஒட்டிப் பெய்தது. தாமிரபரணி ஊருக்குள் வந்தது. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் நூற்றுக்கணக்கில் சிக்கிக்கொண்டார்கள். என் அக்கா வீடும் ஸ்ரீவைகுண்டத்தில்தான். வழி திறந்ததும் போனேன். கணுக்கால் உயரச் சேற்றை மண்வெட்டியால் அள்ளி அள்ளிப் பத்து நாள் அங்கேயே கிடந்தேன். ஓடவில்லை, ஒழுங்காகத் தூங்கவுமில்லை. ஜனவரி முதல் வாரம் வெளியூர்ப் பந்தயத்துக்கு ரயிலேறி, 33-வது கிலோமீட்டரில் நடைபாதையில் உட்கார்ந்துவிட்டேன்.

இவ்வளவும் தெரிந்திருந்தும் அன்றிரவு ரயிலில் வரும்போது எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: எனக்கு வைராக்கியம் போதவில்லை. அதை உடனே நிரூபித்துவிட வேண்டும். மணியாச்சி தாண்டுவதற்குள் பிப்ரவரி மராத்தான் ஒன்றுக்குப் பணம் கட்டியாயிற்று. ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை. ஐந்து வாரம் கழித்து ஓடினேன். 24-வது கிலோமீட்டரில் வலது கெண்டைக்காலில் யாரோ பின்னாலிருந்து கல்லால் எறிந்ததுபோல் ஒரு அடி. திரும்பிக்கூடப் பார்த்தேன், யாருமில்லை. தசை கிழிந்திருந்தது. இன்னொரு 9,300, பிசியோதெரபிக்கு 6,000, ஓட்டமே இல்லாத பத்து வாரம். பெயருக்கு நேரே இரண்டாவது முறையாக அதே மூன்றெழுத்து.

இந்த அவசரம் பெரியவர்களையும் விடுவதில்லை. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் மராத்தானில், உலக சாதனை கையிலிருந்த பிரிட்டன் வீராங்கனை பௌலா ராட்கிளிஃப் 36 கிலோமீட்டர் அளவில் நின்று சாலையோரம் உட்கார்ந்து அழுதார். ஐந்து நாள் கழித்து 10,000 மீட்டரில் இறங்கினார்; அதிலும் இடையில் விலகினார். அதே ஆண்டு நவம்பர் 7, நியூயார்க் மராத்தான்: வெற்றி. ஏதென்ஸுக்கும் நியூயார்க்குக்கும் நடுவே சரியாக 11 வாரம். ஆள் அதே ஆள்தான். ஐந்து நாளில் முடியாதது 11 வாரத்தில் முடிந்தது.

அதற்காக இந்த வழியே கூடாது என்று சொல்ல மாட்டேன். இதற்கென்று ஒரு ஆள் உண்டு. 16 வாரப் பயிற்சியைக் குறையில்லாமல் முடித்தவர். பந்தயத்தன்று வயிற்றுப்போக்கிலோ காய்ச்சலிலோ முதல் 15 கிலோமீட்டருக்குள் நின்றவர். காயம் ஏதும் இல்லாதவர். அவருடைய உடம்பு இன்னும் செலவழியாத பணம் மாதிரி. நான்கிலிருந்து ஆறு வாரத்துக்குள் ஒரு பந்தயம் கிடைத்தால் தாராளமாகப் பெயர் கொடுக்கலாம். விட்டால்தான் பயிற்சி வீண். ஜனவரியில் நின்றவர் மார்ச்சுக்குள் பார்த்துக்கொள்ள வேண்டும். அதன் பிறகு நம் பக்கத்து வெயிலில் நீண்ட ஓட்டம் என்பது தண்டனை.

25 கிலோமீட்டரைத் தாண்டி நின்றவர்களுக்கு இந்த வழி வேண்டாம். "இந்த வாரம் கட்டினால் சலுகை" என்ற செய்திகள் சரியாக இந்த நேரம் பார்த்துத்தான் வரும். அழித்துவிடுங்கள்.

## வழி இரண்டு: அதே பந்தயம், அடுத்த ஆண்டு

கேட்க நன்றாக இருக்கும் வழி. விழுந்த இடத்திலேயே எழுவது. பாதை தெரியும், மேம்பாலம் எங்கே வரும், தண்ணீர் எங்கே கொடுப்பார்கள் என்பதெல்லாம் தெரியும். உடம்பு ஆறுவதற்குக் காலமும் தாராளம்.

மறைவான விலை இரண்டு. ஒன்று, ஜனவரிப் பந்தயம் அடுத்த ஆண்டும் ஜனவரியில்தான் வரும். வடகிழக்குப் பருவமழையும் அதற்கு முன்பாகவே வரும். பயிற்சியை மாற்றாமல் தேதியை மட்டும் ஒரு வருடம் தள்ளிப்போட்டால் மழை அதே ஞாயிறுகளைத்தான் சாப்பிடும். ஆவணி முடிவதற்குள் 25 கிலோமீட்டர் சாதாரணமாக ஓடும் நிலைக்கு வந்துவிட வேண்டும். மழைமாதத்தில் இருப்பதைக் காப்பாற்றினால் போதும் என்று திட்டமிட வேண்டும். அதற்கு ஆடிக் காற்றோடு மல்லுக்கட்டத்தான் வேண்டும்.

இரண்டாவது, ஒரு வருடம் முழுக்க அதையே சுமப்பது. ஷிஸோ கனகுரி என்ற ஜப்பானியரைப் பற்றி ஓட்டக்காரர்கள் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் மராத்தானில் கடும் வெயிலில் தளர்ந்து, வழியில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் ஒதுங்கியவர், பந்தயம் நடத்தியவர்களிடம் சொல்லாமலே ஊருக்குத் திரும்பிவிட்டார். 1967-ல் ஸ்வீடனுக்கு அழைத்து அந்த ஓட்டத்தை முடிக்கவைத்தார்கள். 54 ஆண்டு, 8 மாதம், 6 நாள், 5 மணி, 32 நிமிடம், 20.3 விநாடி என்று நேரமும் அறிவித்தார்கள். எல்லோரும் இதோடு நிறுத்திவிடுவார்கள். எனக்குப் பிடித்தது இடையில் நடந்ததுதான். அவர் ஸ்டாக்ஹோமையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. 1920 ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் மராத்தானை முடித்து 16-வதாக வந்தார். ஜப்பானில் இன்றும் நடக்கிற ஹகோனே தொடர் ஓட்டம் அதே 1920-ல் தொடங்கியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

அதே பந்தயத்துக்குப் போக நினைப்பவர், இடையில் வேறு ஏதாவது ஒன்றையாவது ஓடி முடித்துவிட்டுப் போவது நல்லது. கட்-ஆஃப் தாண்டி நின்றவர்களுக்கும், பயிற்சி போதாமல் நின்றவர்களுக்கும் இந்த வழி பொருந்தும். காரணத்தையே கண்டுபிடிக்காதவருக்கு இது 365 நாள் கவலை.

## வழி மூன்று: அரை மராத்தானுக்கு இறங்குவது

இதில் தடை அந்தப் பெயர்தான். தமிழில் அரை என்றாலே குறை: அரைகுறை, அரைவேக்காடு, அரைக்கிணறு. "முழுதுக்குப் போனவன் பாதிக்கு வந்துவிட்டான்" என்று ஊர் சொல்லும் முன்பே நாமே சொல்லிக்கொள்வோம். 21.0975 கிலோமீட்டர் தனியொரு தூரம். அதற்கென்று தனி வேகம், தனிச் சாதனைகள் எல்லாம் உண்டு. அதற்குத் தமிழில் வேறு நல்ல பெயர் யாராவது வைத்தால் பாதிப் பேர் பிழைத்துவிடுவார்கள்.

எடை போட்டுப் பார்த்தால் பெரும்பாலானவர்களுக்கு இதுதான் சரி என்பது என் முடிவு. சர்க்கரைக் கணக்கு இங்கே இடிக்காது. கையிருப்பிலேயே 21 கிலோமீட்டர் ஓடிவிடலாம். ஏற்கெனவே ஓடுகிறவருக்குப் பத்து, பன்னிரண்டு வாரப் பயிற்சி போதும். மூன்று வாரத்தில் உடம்பு பழைய நிலைக்கு வந்துவிடும். நீண்ட ஓட்டம் 18-ஐத் தாண்ட வேண்டியதில்லை என்பதால் ஞாயிறு ஏழு மணிக்குள் வீட்டுக்கு வந்துவிடலாம்; வீட்டில் மற்றவர்கள் உங்கள் முகத்தைப் பார்க்கலாம். தொடக்கத்தில் வேகம் மிஞ்சி நின்றவர்களுக்கு இது மருந்து மாதிரி: தன் வேகம் எது என்பதை இந்தத் தூரம் சொல்லிக்கொடுக்கும், தவறினாலும் தண்டனை குறைவு.

2024 டிசம்பரில் கோயம்புத்தூரில் அரை மராத்தான் ஓடினேன். 2 மணி 7 நிமிடம். கோட்டைத் தாண்டியபோது அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன், பசிதான் வந்தது. இரண்டு இட்லிக்குப் பிறகுதான், பதினொரு மாதமாகத் தொண்டையில் இருந்த ஏதோ ஒன்று இல்லை என்பது தெரிந்தது.

மறைவான விலை: இங்கேயே தங்கிவிடத் தோன்றும். அது தப்பில்லை, நீங்களாகத் தேர்ந்தெடுத்ததாக இருந்தால். பயத்தால் தங்கினால் மராத்தான் ஒரு மூலையில் இருந்து பார்த்துக்கொண்டே இருக்கும்.

## வழி நான்கு: நம் ஊர்ச் சாலையில், நீங்களே

இதை யாரும் ஒரு வழியாக எண்ணுவதில்லை. 42.195 கிலோமீட்டரை முடிக்க முடியுமா என்பதுதான் உங்கள் கேள்வி என்றால், அதற்கு மேடையும் பதக்கமும் தேவையில்லை. 400 மீட்டர் ஓடுகளத்தில் அது 105 சுற்றும் ஒரு அரைச் சுற்றும். ஆனால் அப்படிச் சுற்றிப் பைத்தியம் பிடிக்க வேண்டாம். பாளையங்கோட்டையிலிருந்து மேலப்பாளையம், பத்தமடை வழியாகச் சேரன்மகாதேவி போய்த் திரும்பினால் 40 கிலோமீட்டரை ஒட்டி வரும். குறைவதை வ.உ.சி. மைதானத்தைச் சுற்றித் தேற்றிக்கொள்ளலாம்.

2025 பிப்ரவரியில் அப்படித்தான் ஓடினேன். விடிகாலை மூன்றரைக்குப் புறப்பட்டேன். அக்கா மகன் டிவிஎஸ் வண்டியில் கூடவே வந்தான். முன்னால் ஒரு பையில் தண்ணீர், உப்புப் போட்ட மோர், தட்டிய கருப்பட்டி, அவித்த நேந்திரம் பழம். பத்தமடைக்கு முன்னால் நான்கு நாய்கள் துரத்தின. அந்த ஒரு கிலோமீட்டர்தான் அன்றைய என் அதிவேகம். சேரன்மகாதேவியில் டீக்கடைக்காரர் கண்ணாடி தம்ளரைக் கழுவியபடியே கேட்டார்: "யாரையாவது பிடிக்க ஓடுகிறீர்களா அண்ணாச்சி?" 33-வது கிலோமீட்டர் மேலப்பாளையத்துக்குக் கொஞ்சம் முன்னால் வந்தது. வண்டியை மெதுவாக்கிய மருமகன், "மாமா, இதுதானே அது?" என்றான். ஆமாம் என்றேன். ஒரு துண்டு கருப்பட்டியை வாயில் போட்டுக்கொண்டு தாண்டினோம். 5 மணி 12 நிமிடம். வீட்டுக்கு வந்து விவரம் சொன்னபோது அம்மா கேட்டார்: "சேரன்மகாதேவிக்குத்தான் பஸ் ஓடுகிறதே?"

செலவு எல்லாம் சேர்த்து 300 ரூபாய்கூட ஆகவில்லை. ஆனால் மறைவான விலை உண்டு. சாலையை யாரும் அடைத்துத் தர மாட்டார்கள். டிப்பர் லாரிகள் வரும் நேரமும் அதுதான். ஆம்புலன்ஸ் தயாராக நிற்காது. ஆகவே தனியாகப் போகவே கூடாது. வண்டியில் ஒருவர், ஒளிரும் மேல்சட்டை, மார்ச்சுக்கு முன்பு என்ற மூன்றும் கட்டாயம். பாதையில் பஸ் இருக்கிறது, சேரன்மகாதேவியில் ரயில் நிலையமும் இருக்கிறது. முடியாவிட்டால் ஏறி வந்துவிடலாம் என்பது நல்ல வசதி. அதே வசதி முப்பதுக்கு மேல் சபலமாகவும் மாறும். இன்னொன்று: சான்றிதழ் இல்லாத ஓட்டத்தை ஓட்டமாக மதிக்காத நண்பர்கள் சிலர் இருப்பார்கள். அவர்கள் மதிப்பு உங்களுக்கு முக்கியம் என்றால் இந்த வழியில் பசி அடங்காது.

## வழி ஐந்து: ஒரு வருடம் பந்தயமே இல்லை

சுருக்கமாக முடித்துவிடலாம். ஓடலாம், பெயர் கொடுக்க வேண்டாம். உள்ளூர்ப் பத்துக் கிலோமீட்டர் ஓட்டம் எதிலாவது தண்ணீர் கொடுக்கப் போகலாம். தம்ளரை நீட்டிக்கொண்டு நிற்கும்போது கடைசியாக வருகிறவர்களின் முகம் கண்ணில் படும், அது பாடம். தொடர்ந்து இரண்டு முறை நின்றவர்கள், வீட்டில் சின்னக் குழந்தையோ நோயாளியோ இருப்பவர்கள், ஓட ஷூவை எடுத்தாலே வயிறு பிசைகிறவர்கள் இதை எடுக்கலாம். விலை: தேதி இல்லாத அலாரத்தை அணைப்பது சுலபம். மூன்று ஞாயிறு வராதவர் நான்காவது ஞாயிறும் வருவதில்லை என்பதை எங்கள் கூட்டத்தில் பலமுறை பார்த்துவிட்டேன்.

## ஒரே பார்வையில்

| வழி | செலவு | காத்திருப்பு | மறைவான விலை | யாருக்கு |
|---|---|---|---|---|
| உடனே இன்னொன்று | மீண்டும் முழுச் செலவு | 4–6 வாரம் | காயம், இரண்டாவது டி.என்.எஃப். | முன்கூட்டியே நின்ற, காயமில்லாத, பயிற்சி முடித்தவர் |
| அதே பந்தயம் | மீண்டும் முழுச் செலவு | ஒரு வருடம் | அதே மழை, வருடம் முழுக்கச் சுமை | பயிற்சிக் குறை அல்லது கட்-ஆஃபால் நின்றவர் |
| அரை மராத்தான் | ஏறக்குறைய அதே செலவு, உள்ளூரில் என்றால் மிகக் குறைவு | 3–4 மாதம் | "பாதியா?" என்ற கேள்வி | வேகம் மிஞ்சி நின்றவர், மற்றப் பெரும்பாலோர் |
| சொந்தச் சாலை | சில நூறு | உடம்பு ஆறிப் பயிற்சி எடுத்த பின் | பாதுகாப்பு, சான்றிதழ் இல்லை | தூரத்தை மட்டும் முடித்துப் பார்க்க விரும்புகிறவர் |
| பந்தயம் இல்லை | எதுவுமில்லை | ஒரு வருடம் | பழக்கம் விட்டுப்போகும் | இரண்டு முறை நின்றவர், வீட்டுப் பொறுப்பு அழுத்துகிறவர் |

எந்த வழியானாலும் நின்ற நாளிலிருந்து 14 நாள் எதற்கும் பணம் கட்டாதீர்கள். அந்தப் பதினான்கு நாளில் ஒரே ஒரு வேலை செய்யுங்கள்: ஒரு தாளில், ஐந்து ஐந்து கிலோமீட்டராக, என்ன வேகத்தில் ஓடினீர்கள், என்ன சாப்பிட்டீர்கள், எங்கே என்ன தோன்றியது என்று எழுதிப் பாருங்கள். கடிகாரத்தில் எல்லாம் இருக்கிறதே என்பார்கள். வாந்தி வருவதுபோல் இருந்ததால் ஜெல்லைத் தொடவில்லை என்பது எந்தக் கடிகாரத்திலும் இருக்காது.

அந்தத் தம்பி சொன்னபடி இரண்டு வாரம் கழித்து வந்தார். கால் இழுப்பு இல்லை. அதே பிப் அட்டையை மேசைமேல் விரித்துத் திருப்பிவைத்தார். பின்பக்கம் நீல மையில் எழுதியிருந்தார். முதல் பாதி 1 மணி 52 நிமிடம். அவர் பயிற்சிக்கு நியாயமானது 2 மணி 5 நிமிடம். இருபதுக்குப் பிறகு ஒரு ஜெல்கூட இல்லை. 31-க்கு நேரே "கணக்கு சரி" என்று எழுதி அடிக்கோடிட்டிருந்தார்.

அடுத்த மாதப் பந்தயத்துக்குப் பணம் கட்டவில்லையாம். ஆகஸ்டில் பக்கத்து ஊர் எதிலாவது அரை மராத்தான் வருமா என்று கேட்டார். பார்க்கலாம் என்றேன். ஞாயிறு காலை நாலரைக்கு வ.உ.சி. மைதான வாசலுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். 16 கிலோமீட்டர், பேசிக்கொண்டே ஓடும் வேகம். வலி ஸ்பிரேயை அவர் திருப்பிக் கொடுத்தார், திறக்கவே இல்லை. பில் இல்லாமல் எப்படி எடுப்பது என்று கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு எடுத்துக்கொண்டேன்.